டிரெய்லருடன் தங்குவதற்கு மாநிலப் பூங்காக்கள்: எட்டு ஆண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் டிரெய்லரையோ (இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) மோட்டார் ஹோமையோ (தானே ஓடும் வீட்டு வண்டி) கொண்டு பயணம் செய்யும் குடும்பத்துக்கு இரவு தங்கப் பெரும்பாலும் மூன்று விதமான இடங்கள் கிடைக்கின்றன: தேசியப் பூங்காக்களின் முகாம்கள், தனியார் நடத்தும் ஆர்வி (இவ்விரு வண்டிகளுக்கும் பொதுப்பெயர்) பார்க்குகள், மாநில அரசுகள் நடத்தும் ஸ்டேட் பார்க்குகள். 26 அடி நீள டிரெய்லர் ஒன்றைப் பிக்கப் டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் பிள்ளைகளும் எட்டு ஆண்டுகளாக இந்த மூன்றிலும் மாறி மாறித் தங்கியிருக்கிறோம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரெய்லர்காரர்களுக்கு மாநிலப் பூங்காவைப் போல ஒத்துவரும் இடம் வேறில்லை. ஆனால் ஒரே பூங்காவுக்குள் அருமையான சைட்டும் (ஒரு வண்டி நின்று தங்குவதற்கான இடம்) அவதிப்பட வைக்கும் சைட்டும் நூறடி இடைவெளியில் இருக்கும். ஆகவே எந்தப் பூங்கா என்று முடிவு செய்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. எந்த லூப் (சைட்டுகள் அமைந்த வளையச் சாலை), எந்த எண்ணுள்ள சைட் என்பதில்தான் அந்தப் பயணத்தின் சுகமும் துக்கமும் அடங்கியிருக்கின்றன.

தேசியப் பூங்காக்களின் அழகைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் முகாம்களில் பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட மணி நேரங்களில் மட்டுமே ஓடவிடலாம். பல சைட்டுகளில் நீண்ட வண்டிகள் நுழையவே முடியாது. ஸயான் பூங்காவின் வாட்ச்மேன் முகாமில் மின்சாரம் உண்டு, யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் உண்டு என்பவை விதிவிலக்குகள். தனியார் ஆர்வி பார்க்குகளில் இதற்கு நேர்மாறாக எல்லா இணைப்புகளும் இருக்கும், ஆனால் நம் மேசையில் அமர்ந்து சாப்பிடும்போது பக்கத்து வண்டியின் கழிவுக் குழாய் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் அளவுக்கு நெருக்கம். நெடுஞ்சாலையோரத்தில் ஓரிரவு தூங்கி எழுந்து போக அது போதும். நான்கு நாள் இருந்து காற்று வாங்க அது இடமில்லை. மாநிலப் பூங்காவில் மரம் இருக்கும், இடைவெளி இருக்கும், பெரும்பாலும் மின்சாரமும் இருக்கும். சைட்டிலேயே கழிவு இணைப்பு இருப்பது குறைவு என்றாலும், வெளியேறும் வழியில் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் ஒன்று இருந்துவிட்டால் சிக்கனமான குடும்பம் மூன்று நான்கு நாள்களைத் தொட்டி நிறையாமல் ஓட்டிவிடும்.

இந்தப் பூங்காக்களுக்குள் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்னும் அமைப்பில் வேலையற்ற இளைஞர்கள் 1933 முதல் 1942 வரை நாடெங்கும் காடு வளர்த்தார்கள், பாதை வெட்டினார்கள், கல்லும் மரமும் கொண்டு பூங்காக்களைக் கட்டினார்கள். இன்று நாம் போய்த் தங்கும் மாநிலப் பூங்காக்களில் கணிசமானவை அவர்கள் கையால் உருவானவை. அந்தக் கல் கட்டடங்களும் வளைந்து நெளியும் சாலைகளும் பார்க்க அத்தனை அழகு. ஆனால் அவை அந்தக் காலத்துச் சிறிய கார்களையும் கூடாரங்களையும் மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. அதன் பின்னர் வெவ்வேறு பத்தாண்டுகளில் புதிய லூப்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒரு பூங்காவின் வரைபடத்தைத் திறந்தால், ஒரு லூப் குறுகலாக, மரங்கள் நெருங்கி, 30 ஆம்பியர் மின்சாரத்தோடு இருக்கும். இன்னொன்று அகலமாக, 50 ஆம்பியரோடு, ஆனால் நிழலே இல்லாமல் இருக்கும். இரண்டுக்கும் பூங்காவின் பெயர் ஒன்றுதான், நட்சத்திர மதிப்பெண்ணும் ஒன்றுதான். வெறும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நாங்களும் அப்படி ஏமாந்திருக்கிறோம். எங்கள் இரண்டாம் ஆண்டில், ஒரு மலைப் பூங்காவில், பதிவுத் தளம் 40 அடி என்று காட்டிய சைட்டை நம்பி எடுத்தோம். மழையில் வழி தாமதமாகி இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். 40 அடி என்பது பொய்யில்லை. ஆனால் அது வாழைப்பழம் போல வளைந்த பாதையின் ஓரமாக அளந்த 40 அடி. டிரெய்லரோ வளையாது. நேர்க்கோட்டில் பார்த்தால் 30 அடிக்குள்ளேயே ஒரு பைன் மரத்தின் அடிப்பகுதி குறுக்கே நின்றது. என் மனைவி கையில் டார்ச்சுடன் பின்னால் நின்று வழிகாட்ட, நான் ஏழெட்டு முறை முன்னும் பின்னுமாக எடுத்து, பின் பம்பருக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினேன். டிரக்கைக் கழற்றிக் கொண்டுபோய் வரவேற்பு அலுவலகத்தருகே விட்டுவிட்டு, மழையில் நடந்து திரும்பினேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, எதிரே இருந்த சைட் நேராகவும் நீளமாகவும் காலியாகவும் கிடந்தது. அன்றிலிருந்து எண்ணைப் பார்க்காமல் நான் பதிவு செய்வதில்லை.

நீளத்தைப் பற்றி இன்னும் ஒன்று. டிரெய்லரின் மாடல் பெயரில் உள்ள எண்ணை அதன் நீளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொக்கி வரை நீளும் முன்பகுதியையும் பின் பம்பரையும் சேர்த்து டேப் பிடித்து அளந்தால் மூன்று நான்கு அடி கூடுதலாக வரும். பூங்காக்களும் ஒரே கணக்கைப் பின்பற்றுவதில்லை. சில இடங்களில் காட்டப்படும் நீளத்துக்குள் இழுக்கும் வண்டியும் அடங்க வேண்டும். சில இடங்களில் அதைத் தனியே நிறுத்தலாம். கலிஃபோர்னியாவின் பூங்காக்கள் பலவற்றில் டிரெய்லருக்கு ஓர் உச்ச அளவும் மோட்டார் ஹோமுக்கு அதைவிடச் சற்றுப் பெரிய இன்னோர் அளவும் தந்திருப்பார்கள். திருப்பங்களில் டிரெய்லரின் சக்கரம் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது. அதை மதிப்பது நல்லது.

அடுத்து, சைட் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. இதைப் பெரும்பாலான பதிவுத் தளங்கள் சொல்வதில்லை. ஆனால் ரிவர்ஸ் எடுக்கிறவருக்கு இதைவிட முக்கியமான செய்தி குறைவு. லூப்கள் பெரும்பாலும் ஒருவழிச் சாலைகள். போகிற திசையில் இடப்பக்கம் உள்ள சைட்டில் நுழைக்கும்போது டிரெய்லரின் பின்பகுதி, அமெரிக்க வண்டிகளில் இடப்பக்கமே அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் ஜன்னல் பக்கமாகத் திரும்பும். தலையை வெளியே நீட்டினால் கடைசிச் சக்கரம் வரை தெரியும். வலப்பக்கச் சைட்டில் அது கண்ணுக்குத் தெரியாத பக்கமாகப் போய்விடும். கண்ணாடியையும் பின்னால் நிற்பவரின் குரலையும் மட்டுமே நம்ப வேண்டும். வரைபடத்தில் ஒருவழி அம்புக்குறியைப் பார்த்து இடப்பக்கச் சைட்டுகளைக் குறித்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும். சைட்டின் வாய் சாலைக்குச் சாய்வாக, போகிற திசையிலேயே விரிந்திருந்தால் இன்னும் சுலபம். செங்குத்தாக இருந்து, எதிரே பள்ளமோ பாறையோ இருந்தால் டிரக்கின் மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி வரும்.

டிரெய்லர்களில் மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்புகள் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும். கதவும் நிழலுக்கு விரிக்கும் ஆனிங் துணியும் மறுபக்கத்தில் இருக்கும். எனவே சாலையில் நின்று சைட்டைப் பார்த்தால் மின்பெட்டி நம் வலப்பக்கத்திலும், சாப்பாட்டு மேசையும் அடுப்பு வளையமும் இடப்பக்கத்திலும் அமைந்திருக்க வேண்டும். இது மாறியிருக்கும் சைட்டுகள் உண்டு. அங்கே மேசைக்குப் போக வண்டியைச் சுற்ற வேண்டும். கதவைத் திறந்தால் பக்கத்துக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க வேண்டும். கேம்பெண்டியம், தி டர்ட் போன்ற தளங்களில் பயணிகள் ஏற்றியிருக்கும் படங்களை நான் பார்ப்பது இயற்கைக் காட்சிக்காக அன்று. மின்பெட்டி எங்கே நிற்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது, கிளைகள் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன என்று பார்க்கத்தான். கூரை மேல் ஏசி உள்ள வண்டிக்குத் தாழ்ந்த ஓக் கிளை எத்தகைய பகை என்பது ஒருமுறை உரசிய சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சாட்டிலைட் படத்தில் சைட் அடர்பச்சைக்குள் முழுக்க மறைந்திருந்தால், நிழல் நிச்சயம், ஆனால் சோலார் பலகையும் கூரை ஆன்டெனாவும் வேலை செய்யாது என்று பொருள்.

தரையின் சரிவு முன்பின்னாக இருந்தால் முன்பக்க ஜாக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். பக்கவாட்டில் சரிந்திருந்தால்தான் தொல்லை. ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை ஏற்றி ஏற்றிப் பார்க்க வேண்டும். இது தூக்கத்துக்கு மட்டும் வேண்டியதில்லை. அம்மோனியா முறையில் ஓடும் ஆர்வி ஃபிரிட்ஜ்கள் மட்டமாக நில்லாவிட்டால் உள்ளே திரவம் தேங்கிக் காலப்போக்கில் கெட்டுவிடும். "தரை சற்றே சரிவு" என்று யாரேனும் குறிப்பெழுதியிருந்தால் நான் அந்த எண்ணைத் தவிர்த்துவிடுகிறேன்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு கம்பிகள் தனித்தனியே 120 வோல்ட் தருவதால் 12,000 வாட். பெயரில் உள்ள வித்தியாசத்தைவிட உண்மை வித்தியாசம் மும்மடங்குக்கும் மேல். ஓர் ஏசி மட்டும் உள்ள வண்டிக்கு முதலாவது போதும், மைக்ரோவேவை ஓடவிடும்போது ஏசியை அணைத்துவிட்டால் சரி. பழைய லூப்களில் வெயில் நாளின் பிற்பகலில் எல்லா ஏசிகளும் ஒன்றாக ஓடும்போது மின்னழுத்தம் இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. ஒரு தென்மாநிலப் பூங்காவில் ஜூலை மாதம் நான்கு மணிக்கு எங்கள் பாதுகாப்புக் கருவி 103 வோல்ட் காட்டித் தானே மின்சாரத்தைத் துண்டித்தது. அந்தக் கருவி இல்லாதிருந்தால் ஏசியின் கம்ப்ரஸர் அன்றைக்கே போயிருக்கும். முதன்முதலாக டிரெய்லர் வாங்குகிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது இது: மற்ற சொகுசுச் சாமான்களைப் பிறகு வாங்குங்கள், மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் துண்டிக்கும் கருவியை முதலில் வாங்குங்கள்.

இனி முன்பதிவு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது, தெரியாதவர்களுக்குக் கிடைப்பதில்லை என்ற நிலை இருக்கிறது. மினசோட்டாவில் 120 நாள்களுக்கு முன்னர் பதிவு திறக்கிறது. யூட்டாவில் நான்கு மாதம், டெக்சஸில் ஐந்து மாதம், கலிஃபோர்னியா, ஒரேகன், மிச்சிகன் ஆகியவற்றில் ஆறு மாதம், வாஷிங்டனில் ஒன்பது மாதம், ஜார்ஜியாவில் பதின்மூன்று மாதம். ஃப்ளோரிடா 2024 முதல் தன் மாநிலத்தவருக்கு 11 மாதமும் வெளியாருக்கு 10 மாதமும் என்று பிரித்துவிட்டது. கடலோரச் சைட்டுகளுக்கு அந்த ஒரு மாத வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. பல மாநிலங்களில் பதிவு திறக்கும் நாள், நாம் வந்து சேரும் நாளை வைத்து நாளுக்கு நாள் நகர்கிறது. வெள்ளிக்கிழமை வர விரும்புகிறவர் அந்த நாளுக்கான பதிவு திறக்கும் காலையில் உட்கார்ந்தால், புதன்கிழமை வந்து ஞாயிறு வரை இருப்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே நல்ல எண்களை எடுத்துப் போயிருப்பார்கள். ஆகவே விடுமுறை அமைந்தால் வாரத்தின் நடுவில் வருகை வைத்துப் பதிவு செய்யுங்கள். அமையாவிட்டால் காத்திருங்கள், பயணத்துக்கு முந்தைய பத்து நாள்களில் ரத்துகள் வந்துகொண்டே இருக்கும். கேம்ப்நாப் போன்ற சேவைகள் காலியாகும் சைட்டைக் கண்காணித்துக் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சைட்டுகள் இரண்டு இப்படி யாரோ கைவிட்டவைதான்.

நாங்கள் தங்கிய பூங்காக்களில் எனக்கு மிகவும் பிடித்தது யூட்டாவின் டெட் ஹார்ஸ் பாயின்ட். மோவாப் நகரிலிருந்து ஏறத்தாழ 32 மைல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,900 அடி உயரத்தில், கொலராடோ ஆறு 2,000 அடிக்குக் கீழே குதிரை லாடம் போல வளைந்து செல்வதைப் பார்த்தபடி அமைந்த மேட்டு நிலம். கயென்டா, விங்கேட் என்று இரண்டு முகாம்கள். ஆர்வி சைட்டுகளில் மின்சாரம் உண்டு. தண்ணீர் இணைப்பு இல்லை. மேட்டு நிலத்தில் ஊற்று கிடையாது, லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதால் தொட்டியை நிரப்பிக்கொண்டே வருமாறு பூங்கா கேட்டுக்கொள்கிறது. இதைப் படிக்காமல் வெறும் தொட்டியுடன் மேலே ஏறி வந்து திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் மோவாபில் 40 காலன் நிரப்பினோம். அது மட்டுமே 330 பவுண்டுக்கு மேல் எடை, மலையேற்றத்தில் டிரக் அதை உணர்ந்தது. மூன்று நாளும் பாத்திரத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் துடைத்துக் கழுவினோம். அந்தச் சிக்கனத்துக்குக் கிடைத்த பரிசு இரவு வானம். 2016-இல் சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற இடம் அது. அமாவாசையை ஒட்டிப் போயிருந்தோம். பத்து மணிக்குப் பிள்ளைகள் மேசை மேல் போர்வையை விரித்துப் படுத்தார்கள். பால்வீதி ஜூனிப்பர் மரங்களின் உச்சியிலிருந்து எங்கள் தலைக்கு மேலே வரை ஓடியது. பக்கத்துச் சைட்டில் யாரோ இருமியது தவிர ஒலியே இல்லை. சைட்டுகளுக்கு இடையே புதரும் பாறையும் விட்டு வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டு மேசைக்கு மேல் நிழற்கூரை போட்டிருக்கிறார்கள். கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வாசலருகில் மின்சாரத்தோடு தூங்க வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

டெக்சஸின் பாலோ டியூரோ கேன்யன் வேறு விதமான அனுபவம். அங்கே முகாம்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. அங்கே இறங்கும் சாலையின் சரிவு 10 சதவீதம். டிரெய்லரின் பிரேக் கட்டுப்பாட்டை மேலேயே சோதித்துவிட்டு, தாழ்ந்த கியரில் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கீழே சாலை ஆற்றை ஒட்டிப் பலமுறை குறுக்கே கடக்கிறது. பெருமழைக்குப் பின் அந்தக் கடவுகளில் தண்ணீர் ஓடும். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கம். ஆகவே அக்டோபரிலோ மார்ச்சிலோ போங்கள். மாலையில் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகத் தெரியும் பாறைச் சுவர் நான்கு பக்கமும் சூழ நிற்க, வான்கோழிகள் சைட்டின் நடுவே நடந்து போகும் அந்த முகாமை மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

தெற்கு டகோட்டாவின் கஸ்டர் பூங்கா 71,000 ஏக்கர் பரப்புள்ளது. ஏறத்தாழ 1,300 காட்டெருமைகள் திரிகின்றன. கேம் லாட்ஜ் முகாமுக்குள்ளேயே அவை மேய்ந்தபடி வருவதுண்டு. சைட்டுகளில் மின்சாரம் இருக்கிறது, தண்ணீரும் கழிவு இணைப்பும் இல்லை. இங்கே சொல்ல வேண்டிய எச்சரிக்கை சாலை பற்றியது. புகழ்பெற்ற நீடில்ஸ் நெடுஞ்சாலையில் பாறையைக் குடைந்த சுரங்கம் ஒன்று ஏறத்தாழ 8 அடி அகலமே உள்ளது. பெரும்பாலான டிரெய்லர்களின் அகலம் 8 முதல் எட்டரை அடி. கைப்பேசி வழிகாட்டிக்கு நம் வண்டியின் அகலம் தெரியாது, அது குறுக்குவழி என்று இந்தச் சாலையில் ஏற்றிவிடும். முகாமில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கில் மட்டும் போய்வாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் பார்க்வே சாலைகளுக்கும் இதே புத்திமதிதான்: கார்களுக்காகக் கட்டிய தாழ்ந்த கல் பாலங்கள் உள்ள அவற்றில் டிரெய்லர்களுக்கு அனுமதியே இல்லை.

நியூயார்க் மாநிலத்தின் லெட்ச்வொர்த் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூங்கா 17 மைல் நீளம். 107 அடி உயரமுள்ள மிடில் ஃபால்ஸ் அருவி தென்கோடியில், மின்சாரச் சைட்டுகள் உள்ள முகாம் வடகோடியில். அருவியின் ஓசை கேட்கத் தூங்கலாம் என்று எண்ணிப் போனால் அது நடக்காது. ஆனால் அதனாலேயே முகாம் அமைதியாக இருக்கிறது. டென்னசியின் ஃபால் கிரீக் ஃபால்ஸ் முதல் பயணத்துக்கு ஏற்றது: 222 சைட்டுகள், 256 அடி அருவி, நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஒரேகனின் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் முனையில் உள்ளது. ஏறத்தாழ ஐந்நூறு சைட்டுகள் கொண்ட மிகப் பெரிய முகாம். மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் உள்ள சைட்டுகளே நூற்றுக்கும் மேல். இத்தனை பெரிய இடம் சந்தைக்கடை போல இருக்குமோ என்ற ஐயத்துடன்தான் போனேன்; லூப்களுக்கு இடையே ஸ்ப்ரூஸ் மரங்களும் புதர்களும் அடர்ந்திருப்பதால் அந்தக் கூட்டம் கண்ணில் படுவதில்லை. தார் போட்ட சைக்கிள் பாதையில் பிள்ளைகள் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்கள். 1906-இல் கரைதட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் இரும்பு எலும்புக்கூடு இன்றும் மணலில் நிற்கிறது; அலை இறங்கும் நேரத்தில் அருகிலேயே போய்ப் பார்க்கலாம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தொடங்கிய கோட்டையின் பீரங்கித் தளங்களும் உண்டு. 1942 ஜூனில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று இந்தக் கோட்டையை நோக்கிச் சுட்டது. மழைக்கு மட்டும் ஆயத்தமாகப் போங்கள். ஜூனிலும் ஆனிங் துணியை ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தது.

கலிஃபோர்னியாவின் கடலோரத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஃபைஃபர் பிக் சர் போன்ற ரெட்வுட் காட்டு முகாம்களில் இணைப்புகள் எதுவும் இல்லை, சைட்டுகள் குறுகியவை, பதிவு திறந்த சில நிமிடங்களில் கோடை வார இறுதிகள் தீர்ந்துபோகும். 20 அடிக்குள் அடங்கும் சிறு டிரெய்லரும் நல்ல பேட்டரியும் உள்ளவர்களுக்கு அது சொர்க்கம். எங்களைப் போன்றவர்கள் வேறிடத்தில் டிரெய்லரை நிறுத்திவிட்டுப் பகலில் காரில் போய்வருவதே நல்லது என்பது என் முடிவு.

கட்டணம் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மின்சாரச் சைட்டுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இரவுக்கு 25 முதல் 50 டாலருக்குள் கொடுத்திருக்கிறோம். ஆனால் சைட் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை: பதிவுக் கட்டணம், சில மாநிலங்களில் நுழைவுக் கட்டணம், ஒரேகன் போன்ற மாநிலங்களில் வெளியார் ஆர்விகளுக்கு 25 சதவீதக் கூடுதல் என்று சேரும். டெக்சஸில் ஆண்டு அட்டை வாங்கினால் வண்டியில் உள்ள எல்லாருக்கும் நுழைவு இலவசம். இரண்டு மூன்று பயணத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஆஷ் மரத் துளைப்பான் வண்டு நாடெங்கும் பரவியதில் பயணிகள் எடுத்துச் சென்ற விறகுக்குப் பெரும் பங்குண்டு. பூங்கா வாசலில் கட்டாக விற்கும் விறகையே வாங்குங்கள்.

என் குறைகள் இரண்டுதான். ஒன்று, சொற்களுக்கு ஒரே பொருள் இல்லாமை. மிச்சிகனில் "மாடர்ன்" என்றால் மின்சாரமும் ஃபிளஷ் கழிவறையும் உள்ள முகாம், "ரஸ்டிக்" என்றால் இரண்டும் இல்லாதது. வேறு மாநிலத்தில் "ஸ்டாண்டர்டு" என்ற ஒரே சொல்லுக்குள் எது அடங்கும் என்பது பதிவுப் பக்கத்தின் அடிக்குறிப்பைப் படித்தால்தான் தெரியும். மற்றொன்று ஞாயிறு காலைக் கூட்டம். வெளியேறும் நேரம் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால் பதினொரு மணிக்கு டம்ப் ஸ்டேஷனில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். நாங்கள் எட்டு மணிக்கே கிளம்பிவிடுகிறோம், அல்லது திங்கட்கிழமை வரை தங்குகிறோம்.

எந்தப் பூங்காவிலும் கடைசி மாலை நாங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. சாப்பாட்டுக்குப் பின் நால்வரும் எல்லா லூப்களையும் ஒரு சுற்று நடந்து வருகிறோம். பெரியவன் கையில் குறிப்பேடு. சின்னவள் எண்ணைச் சத்தமாக வாசிப்பாள். என் மனைவி நிழலைப் பார்ப்பார். நான் தரையின் மட்டத்தையும் மின்பெட்டியையும் பார்ப்பேன். ஃபோர்ட் ஸ்டீவன்ஸுக்கு மட்டும் அந்தக் குறிப்பேட்டில் இப்போது பதினான்கு எண்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றின் கீழே சின்னவள் இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள், ஆறு மாதப் பதிவு திறக்கும் காலையில் அந்த வரிசைப்படிதான் முயல்வோம்.